டோக்கன் கூப்பிட்ட பிரெஞ்சுக் குரல்

காரைக்காலில் சின்ன அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. புதிதாக எழுதுவது வருஷத்துக்கு இரண்டோ மூன்றோதான். மற்ற நாளெல்லாம், முன்பு எழுதிக் கொடுத்தவை நல்லபடியாக இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கணினிக்குள் இருக்கும் இயங்குதளம் திடீரென்று புதுப் பதிப்புக்கு மாறும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய நிரல், இன்று பக்கத்திலேயே இருக்கும் பிரிண்டரை யாரென்றே தெரியாது என்று சொல்லும். நான் வரிச்சிக்குடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். "கட்டிக் கொடுத்த பொண்ணுங்களைப் பாக்கப் போறியா?" என்பார் என் கணவர்.

அப்படி நான் கட்டிக் கொடுத்தவற்றில் ஒன்று, டவுனில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இருந்தது. கீழே கிளினிக், மாடியில் வீடு. வாரத்தில் மூன்று நாள்தான் பார்ப்பார். அதனால் அந்த மூன்று நாளும் எண்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் டோக்கன் எண்ணை ஒவ்வொன்றாகக் கத்திக் கத்தி, ஒருநாள் தொண்டை கட்டி வெறும் காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் கிளினிக்கிலேயே தொண்டை போனது டாக்டருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அவளிடம் இனிமேல் உரக்கப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டு, எண்ணைக் கணினியே கூப்பிடுகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார்.

பெரிய வேலை இல்லை. அந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்தினால், நிரல் 'டோக்கன் எண் 42, உள்ளே வரவும்' என்ற வரியை இயங்குதளத்திடம் நீட்டும். இயங்குதளத்தில் நான் ஏற்றி வைத்த தமிழ்க் குரல் அதை வாசித்துவிடும். கூடத்தில் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்தோம். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

கணினி மட்டும் கொஞ்சம் விசேஷமானது. டாக்டர் குடும்பத்தில் எல்லாரும் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். பாரிஸில் இருக்கும் அவருடைய அக்கா, லீவுக்கு வந்தபோது தன் பழைய கணினியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் எல்லாமே பிரெஞ்சு. விசைப்பலகையில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. எந்தப் பொத்தான் எந்த மூலையில் இருக்கும் என்று இடத்தை வைத்தே வேலை பார்ப்பேன், இருட்டில் சமையலறையில் உப்பு டப்பாவை எடுப்பது மாதிரி.

பழைய பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் தினமும் வர ஆரம்பித்தது. வைரஸ் வந்தால் நோயாளிகள் விவரமெல்லாம் போய்விடுமோ என்று டாக்டர் பயந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய் உட்கார்ந்து இயங்குதளத்தைப் புதுப் பதிப்புக்கு மாற்றினேன். மாற்றி முடித்ததும் என் சோதனைப் பட்டியலை எடுத்தேன். நிரல் திறக்கிறதா, டோக்கன் அச்சாகிறதா, எண் ஒன்றொன்றாக ஏறுகிறதா, பழைய விவரம் பத்திரமாக இருக்கிறதா என்று வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி வரி 'குரல்'. மாடியில் டாக்டர் வீட்டார் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். ஸ்பீக்கரை அலறவிட்டு அவர்களை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளியது. குரல் வருகிறது என்று அர்த்தம். டிக் போட்டேன். ஒலியைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, நிம்மதியாகச் சுறாப் புட்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அந்தப் பெண் போன் செய்தாள். உரக்கப் பேசக் கூடாதென்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் எல்லாவற்றையும் ரகசியம் மாதிரிதான் சொல்வாள்.

"அக்கா, மிசின் வேற மாதிரி கூப்புடுதுக்கா."

சத்தம் வருகிறதா என்று கேட்டேன். வருகிறது என்றாள். நம்பர் சொல்கிறதா என்றேன். ஏதோ சொல்கிறது என்றாள்.

"புது வெர்சன்மா, குரல் கொஞ்சம் மாறியிருக்கும். ரெண்டு நாள்ல பழகிடும்."

அவளும் சரிக்கா என்று வைத்துவிட்டாள். என் தொழிலில் இதைவிடத் தன்னம்பிக்கையாக நான் பதில் சொன்னது கிடையாது.

அதற்குப் பிறகு என் போனே புதுப் பதிப்புக்கு மாறப் போவதாகச் சொன்னது. எனக்கு அன்று இருந்த தைரியத்தில் சரி என்று அழுத்தி, சார்ஜில் போட்டுவிட்டு, வேறொரு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். பதினொன்றரை மணிக்கு ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தால், பதினான்கு தவறிய அழைப்புகள். எல்லாம் கிளினிக்கிலிருந்து. கூடவே ஒரே ஒரு செய்தி:

"அக்கா ஏழாம் நம்பரை செத்து செத்துனு சொல்லுது. எல்லாரும் பயப்படுறாங்க."

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் என் நிரலை மனதுக்குள் வரி வரியாகப் படித்துக்கொண்டே போனேன். அதில் 'செத்து' என்ற சொல்லே கிடையாது. 'உள்ளே வரவும்' என்பதைத் தவிர அதற்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. ஆனால் நிரல் சொல்லாமலே ஏழாம் நம்பர்க்காரர் செத்திருக்கலாம் அல்லவா? அதை நினைத்ததும் வண்டியை இன்னும் வேகமாக விரட்டினேன். பேருந்து நிலையத்துக்கு அருகே ஓர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துத் தானாகவே ஒதுங்கி வழிவிட்டார்.

கிளினிக்கில் யாரும் சாகவில்லை. காலையிலிருந்து நடந்ததை அந்தப் பெண்ணும் மற்றவர்களும் பிறகு சொன்னதை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது, நான் தனியாக ஏற்றி வைத்திருந்த தமிழ்க் குரல் காணாமல் போயிருந்தது. தமிழ்க் குரல் இல்லையென்றால் இருக்கிற முதல் குரலை எடுத்துக்கொள் என்று நானே நிரலில் எழுதி வைத்திருந்தேன். பாரிஸ் கணினியில் முதல் குரல் பிரெஞ்சு. பிரெஞ்சுக் குரலுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. அதனால் 'டோக்கன் எண்' என்பதையும் 'உள்ளே வரவும்' என்பதையும் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, நடுவில் இருந்த எண்ணை மட்டும் அழகான பிரெஞ்சில் சொல்லியிருக்கிறது.

ஒன்றுக்குப் பிரெஞ்சில் 'அங்'. அதை யாரோ தொண்டையைச் செருமுவதாக நினைத்திருக்கிறார்கள். தொண்டைக்காரர்கள் வருகிற இடம்தானே. இரண்டுக்கு 'தெ'. அந்தப் பெண் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, விரலைக் காட்டி உள்ளே அனுப்பி வைத்தாள். ஆறு பேர் இப்படிப் போனார்கள். ஏழுக்குப் பிரெஞ்சில் 'செத்'. நாலு மூலை ஸ்பீக்கரும் சேர்ந்து 'செத்' என்றதும் கூடமே அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தது. ஏழாம் டோக்கன் வைத்திருந்தவர் திருவேட்டக்குடியிலிருந்து வந்த மீன்காரம்மா. அவர் எழுந்து நின்று, ஆஸ்பத்திரியில் இப்படியா பேசுவார்கள் என்று மிஷினைப் பார்த்துக் கேட்டார். பதில் வராததால் பொத்தானை இன்னொருமுறை அழுத்தச் சொன்னார். அது மறுபடியும் 'செத்' என்றது. எனக்கு வந்த செய்தி அப்போது அனுப்பியதுதான்.

கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அந்த நேரத்தில்தான் சிரிக்க ஆரம்பித்தாராம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர், செத் என்றால் ஏழு, பயப்படாமல் போங்க என்று மீன்காரம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். மிஷின் பிரெஞ்சில் சொல்லும். அவர் எழுந்து நின்று தமிழில் சொல்வார். கூடம் முழுக்க அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசியே முசியே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அவர் தன் மனைவிக்காக வந்திருந்தார். வீட்டில் எத்தனை முறை கூப்பிட்டாலும் அந்த அம்மாவுக்குக் காதில் விழுவதில்லை என்பது புகார். டோக்கன் பத்தொன்பது. மிஷின் 'தீஸ்நெஃப்' என்றதும், அவர் மொழிபெயர்க்க வாயைத் திறக்கும் முன்பே, அந்த அம்மா கூடத்தின் மறுகோடியிலிருந்து எழுந்து போய் டாக்டர் அறைக்குள் நுழைந்துவிட்டார். சொல்தா அவசரமாக அவர் பின்னாலேயே போனாராம்.

பார்த்து முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மனைவியை உட்கார வைத்துவிட்டு, கூடத்துக்கே எண் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்.

நான் உள்ளே நுழைந்தபோது முப்பது பேர் சேர்ந்து பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். காது கேட்காதவர்கள் மற்றவர்கள் வாயைப் பார்த்துச் சொன்னார்கள். தொண்டை வலிக்காரர்கள் மெதுவாகச் சொன்னார்கள். ஸ்பீக்கர் 'சுவாசாந்த்-தீஸ்' என்றது. சொல்தா கையை உயர்த்தி, "எழுபது. வாங்க," என்றார். எழுபதாம் ஆள் போனார். எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. என் பச்சைக் கோடு கண் முன்னால் துள்ளியது.

நான் வரவேற்பு மேஜைக்குப் போய், முதல் போனிலேயே பிரெஞ்சு என்று சொல்லியிருக்கக் கூடாதா என்றேன்.

"பிரெஞ்சுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? நீங்கதான பழகிடும்னு சொன்னீங்க," என்று காதருகே வந்து சொன்னாள். பிறகு, "பழகிடுச்சுக்கா," என்றாள்.

அதே சமயம் சொல்தாவின் மனைவி எழுந்து, மாத்திரை நேரமாகிவிட்டது என்று அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கூடத்தைப் பார்த்து, அறுபது வரைக்கும் எல்லாருக்கும் நன்றாக வந்துவிட்டது, எழுபதுக்கு மேலே கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி, அதை இன்னொரு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவரை நிறுத்தி வைக்க எனக்குத் தோன்றவில்லை. நான் கணினிக்கு முன்னால் குனிந்து, தமிழ்க் குரல் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் பழக்கத்தில் பொத்தானை அழுத்திவிட்டாள்.

"சுவாசாந்த்-தே-ஓன்ஸ்" என்றது ஸ்பீக்கர்.

பிரெஞ்சில் எழுபத்தொன்றை அறுபதும் பதினொன்றும் என்றுதான் சொல்வார்களாம். இது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கூடத்துக்கு அறுபதும் தெரியும், பதினொன்றும் தெரியும். காதில் சொட்டு மருந்து விட்டு, அழுக்கு ஊறுவதற்காகத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்த அறுபதாம் நம்பர்க்காரர் சாய்த்தபடியே எழுந்தார். கேட்கும் திறன் பரிசோதனைக்குப் போய்விட்டு, ரிப்போர்ட்டோடு திரும்பி வந்திருந்த பதினொன்றாம் நம்பர் அம்மாவும் எழுந்தார். என்னைத்தான் கூப்பிட்டது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். இரண்டு பேரையும்தான் கூப்பிட்டது என்று கூடம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள். எழுபத்தொன்றாம் டோக்கன் வைத்திருந்தவர் ஒரு வாத்தியார். அவரும் கைதட்டாத குறையாக அவர்களை அனுப்பி வைத்தார்.

ஒரு நிமிஷத்தில் கதவு திறந்து டாக்டர் வெளியே வந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேரை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து, தப்பு என்னுடையது, நேற்று மாற்றியதிலிருந்து மிஷின் தப்பாகக் கூப்பிடுகிறது என்றேன்.

"இல்லியேம்மா, காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். சரியாத்தான் கூப்புடுது," என்றார் டாக்டர். "சுவாசாந்த்-தே-ஓன்ஸ். எழுபத்தொண்ணு. யாரு எழுபத்தொண்ணு?"

வாத்தியார் தன் டோக்கனை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினார். டாக்டர் கூடத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். அவர் சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; இன்றைக்கும் மனதுக்குள் எண்ணுவது பிரெஞ்சில்தானாம். கதவுக்கு வெளியே நாலு மணி நேரமாகப் பிரெஞ்சில் எண்ணுவது கேட்டும், அவருக்கு வித்தியாசமாகவே படவில்லை.

அவர் முகம் மெல்ல மாறியது. உள்ளே போய், நோயாளிகளைப் பற்றிக் குறித்து வைத்த சீட்டுகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். காலையில் முதலில் போன ஆறு பேரும், மிஷின் பேசுவது பிரெஞ்சு என்பதைக் கவனிக்காத இன்னும் மூன்று பேரும் அவரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: சத்தம் கேட்கிறது டாக்டர், பேச்சுதான் புரியவில்லை. காது நரம்பு பலவீனமானால் அப்படித்தான் ஆகும் என்பதால், அவர் ஒன்பது பேருக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டார். ஏழெட்டுப் பேருக்கு மேல் வந்ததும், ஊரில் புதிதாக ஏதோ பரவுகிறது என்று சந்தேகப்பட்டு, ஒரு தனித்தாளில் குறிப்பும் எடுத்து வைத்திருந்தார். அந்தத் தாளைத்தான் முதலில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒன்பது பேரில் நாலு பேர் கூடத்திலேயே இருந்தார்கள். அவர்களிடம் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லப்பட்டது. பதினொன்றாம் நம்பர் அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லா பாத்துச் சொல்லுங்க டாக்டர். எனக்கு எங்க மருமவ பேசுறதும் புரிய மாட்டேங்குது."

அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டை டாக்டர் வாங்கிப் பார்த்தார். இரண்டு காதும் நூற்றுக்கு நூறு.

நான் தமிழ்க் குரலைக் கண்டுபிடித்து இறக்கத் தொடங்கினேன். இறங்கி முடித்ததும் கணினியை ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டும் என்று கேட்டது. அணைத்தேன். எழுவதற்குப் பதிலாக அது, கைவசம் இன்னொரு புதுப்பித்தல் இருக்கிறது என்று சொல்லி நீலத் திரையில் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. அணைக்காதீர்கள் என்று பிரெஞ்சில் எழுதியிருந்ததாக டாக்டர் வாசித்துச் சொன்னார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வரவேற்புப் பெண் கத்தக் கூடாது. டாக்டர் உள்ளே நோயாளியைப் பார்க்க வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எழுபத்தொன்றிலிருந்து எண்பத்தாறு வரை நான்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை. என் குரல் எட்டாத மூலைகளில் மீன்காரம்மா நின்றுகொண்டு திரும்பச் சொன்னார். அவர் எப்போதோ பார்த்து முடித்தவர், வேடிக்கைக்காகத் தங்கிவிட்டார். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. எண்பதைத் தாண்டும்போது என் தொண்டை கரகரத்தது. எண்பத்தாறில் சுத்தமாக அடைத்துவிட்டது. அந்தப் பெண் பழைய டோக்கன் கட்டிலிருந்து எண்பத்தேழைக் கிழித்து என் கையில் கொடுத்தாள்.

டாக்டர் என் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். மூன்று நாள் பேசக் கூடாது, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும் என்றார். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயைத் திறந்தேன்; பேசக் கூடாது என்றார். வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் கணவருக்கு நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் மூன்றாம் பக்கத்திலிருந்து சத்தமாகச் சிரித்தார். என்னால் திட்டவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இந்தத் தடவை முறையாகச் சோதிப்பதென்று முடிவு செய்தேன். ஒலியை முழுதாக வைத்து, ஒன்றிலிருந்து நூறு வரை ஒவ்வொரு எண்ணையும் காதால் கேட்ட பிறகே டிக் போடுவது. மாடிக்கு முன்கூட்டியே சொல்லி அனுமதியும் வாங்கியாயிற்று. அந்தப் பெண் பொத்தானை அழுத்த, நான் பட்டியலோடு உட்கார்ந்தேன். காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தோம். தமிழ்க் குரல் கணீரென்று வந்தது. டோக்கன் எண் ஒன்று, உள்ளே வரவும். டோக்கன் எண் இரண்டு, உள்ளே வரவும்.

பதினாறில் ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தெருவில் போகும்போது கூப்பிடுவது கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமையும் டாக்டர் பார்க்கிறார் என்று வந்துவிட்டார்கள். இது சோதனைதான் என்று விளக்கினேன். சோதனைக்குத்தான் நாங்களும் வந்தோம் என்றார் அந்தக் கணவர். முப்பதில் இன்னும் மூன்று பேர். முப்பத்தெட்டில், காதுக்குள் பூச்சி போய்விட்டதென்று ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அந்தப் பெண் கைப்பழக்கத்தில் எல்லாருக்கும் டோக்கன் கொடுத்திருந்தாள்.

நாற்பத்து மூன்றில் டாக்டர் லுங்கியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். பெஞ்சில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"பூச்சிக்காரர் யாரு? அவரு முதல்ல வாங்க," என்று சொல்லிவிட்டு, சட்டை மாட்டிக்கொள்ள மாடிக்குத் திரும்பினார்.

ஆறு பேரையும் பார்த்துத்தான் அனுப்பினார். பூச்சி வெளியே வந்துவிட்டது. அதற்கு மேல் சத்தமாகச் சோதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்பத்து நான்கிலிருந்து மேலே உள்ளதை மறுநாள் உண்மையான நோயாளிகளை வைத்தே கேட்டேன். அன்று எண்பத்தொன்பது பேர் வந்தார்கள். பிழை ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த பதினோரு எண்களை, எல்லாரும் போன பிறகு, வாசல் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.